பேய் வருணனையின் பயன்

சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்தில் 1923ஆம் ஆண்டு தொடங்கிய ‘நியூ வேர்ல்ட்’ கேளிக்கைப் பூங்காவில் பங்சாவான் எனும் மலாய் நாடகங்கள் நடைபெற்று வந்தன. அவற்றிற்கு முழுதும் எழுதிவைத்த உரையாடல் பெரும்பாலும் கிடையாது. கதைப்போக்கை மட்டும் அறிந்து மேடையேறிய நடிகர், பேச்சை அவ்விடத்திலேயே புனைந்துகொண்டனர். ஜின்னும் பூதமும் அக்கதைகளில் வருவதுண்டு. பூங்கா 1987இல் மூடப்பட்டது. ஆயினும், அதனையொத்த கலையொன்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விளையாட்டாக இன்று பல நாடுகளில் வழங்குகிறது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதன் முன்னோடி. ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, தாம் செய்வதை வாயால் சொல்வர். வெற்றி தோல்வியைப் பகடை கூறும்.

அக்கதையில் அரக்கன் ஒருவன் தோன்றினால் அவனை எவ்வாறு வருணிப்பது? கோரைப்பல், செம்மயிர், தீவிழி என அடுக்கினால் கேட்போர் அஞ்சுவர். அடுத்து என்ன செய்வது என்பது அவர்க்குத் தோன்றாது. 1977இல் அவ்விளையாட்டிற்கென வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்னும் நூலில் நம் இராட்சதனும் இடம்பெற்றான். எதிராளியின் மனத்தை அறிந்து, அவர் நம்புகின்றவரின் உருவில் வருவான். மந்திரித்த அம்பு பட்டால் மாள்வான். (அந்த அம்பு நம் புராணத்தினும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கே கடன்பட்டது!) இவ்விரு செய்தி போதும். நண்பனை ஐயுறவும் அம்பைத் தேடவும் ஆடுவோர் புறப்பட்டுவிடுவர்.

மலாய் மக்கள் கூறும் பொந்தியானாக் என்ற பேயும் இத்தகையதே. பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய பெண்ணாகும். ஆணியைப் பிடுங்கினால் மீண்டும் பேயாகும். அப்பெண்ணை மணந்தவன் வீட்டில் ஆணி எப்போது வெளிப்படுமோ என்ற அச்சமே கதையை நடத்தும்.

தமிழில் இதற்குச் சிறந்த சான்று கலிங்கத்துப்பரணி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த செயங்கொண்டார், பேய்களின் உறுப்புக் குறைகளைப் பாடும்போது அவை நேர்ந்த வகையையும் உடன் சொல்கிறார். குலோத்துங்கனின் போர்க்களத்தில் மூளைச் சேற்றில் வழுக்கி விழுந்து முடமானது ஒரு பேய். பல்லரிசி குற்றக் களிற்றுக் கொம்பை உலக்கையாகப் பற்றியபோது கை முறிந்தது இன்னொன்று. முடத்தைக் காணும்போதே பழைய போரும் கண்முன் வருகிறது. வகுப்பில் இப்பகுதியை உவமைநயம் கூறி நிறுத்திவிடுவதுண்டு. அது பெரும் இழப்பு. அப்பேய்களின் ஒட்டிய வயிறு வெறும் அலங்காரமா? அந்தப் பசி பொறாமல்தான் அவை காளியிடம் முறையிடுகின்றன. கலிங்கப் போர் மூண்டதும் களத்தில் கூழ் அட்டு உண்கின்றன.