பழைய மோடமும் பப்பி லினக்ஸும்

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பரணைச் சுத்தம் செய்யச் சொன்னார் அம்மா. மேலே ஒரு பென்டியம் 3 கம்ப்யூட்டரும், சீரியல் கேபிள் சுற்றிய ஒரு வெளி மோடமும் கிடந்தன. இரண்டும் அப்பா நடத்திய பிரவுசிங் சென்டரில் இருந்தவை.

"எடைக்குப் போட்டுடுப்பா. உள்ளே இருக்கிற மோடம் கார்டை நான்தான் கெடுத்தேன்" என்றார் அப்பா.

2003-ல் ஒரு கம்ப்யூட்டர் இதழோடு இலவசமாக வந்த சிடியை வைத்து லினக்ஸை நிறுவிப் பார்த்திருக்கிறார். எல்லாம் வந்தது, நெட் மட்டும் வரவில்லை. மூன்று நாள் சென்டர் பூட்டிக் கிடந்தது. பார்க்க வந்த சர்வீஸ்காரர், "தெரியாம கையை வெச்சு மோடத்தைக் காலி பண்ணிட்டீங்க சார்" என்று சொல்லி, வெளி மோடம் ஒன்றை விற்று, விண்டோஸையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதன் பிறகு அப்பா எந்தப் புது சாஃப்ட்வேரையும் தானாகத் தொட்டதே இல்லை!

எனக்குச் சந்தேகம் வந்தது. 2008-ல் வெளியான பப்பி லினக்ஸ் 4 வரிசை சிடி ஒன்றைப் போட்டு கம்ப்யூட்டரை இயக்கினேன். பப்பி சிடியிலிருந்தே கிளம்பி ராமில் ஓடும். ஹார்டு டிஸ்க்கில் இருப்பதைத் தொடாது. 256 எம்பி ராமே அதற்குத் தாராளம்.

வீட்டில் இப்போது போன் லைன் கிடையாது. மாமா கடையில் சும்மா கிடந்த இன்டர்காம் பெட்டியை வாங்கி வந்தேன். அதன் ஒரு லைனில் இந்தக் கம்ப்யூட்டர். இன்னொன்றில் என் லேப்டாப்பும், சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்த யுஎஸ்பி மோடமும். லேப்டாப்பில் 'ஏடிஎஸ்0=1' என்று கொடுத்தேன். ஒரு மணி அடித்ததும் மோடம் தானே எடுத்துவிடும்.

வெளி மோடத்தை பப்பி உடனே கண்டுபிடித்தது. விண்டோஸில் காம்1 எனப்படும் போர்ட்டுக்கு லினக்ஸில் டிடிஒய்எஸ்0 என்று பெயர். டயல் செய்தால் 'நோ டயல்டோன்' என்று பதில்! இன்டர்காம் தரும் டோன் மோடம் எதிர்பார்க்கும் டோன் போல இல்லை. தொடக்கக் கட்டளையில் 'ஏடிஎக்ஸ்3' சேர்த்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். சேர்த்தேன். கீ... கர்ர்ர் என்று அந்தப் பழைய சத்தம்! வேகம் 31,200. 56கே மோடம்தானே என்று கேட்காதீர்கள். மறுமுனை டிஜிட்டலாக இருந்தால்தான் அந்த வேகம். இரண்டு சாதாரண மோடம்கள் பேசிக்கொண்டால் 33,600-தான் உச்சம். 1 எம்பி போட்டோ ஒன்று வர நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது.

அடுத்து, உள்ளே இருந்த கார்டு. பிசிஐ பட்டியலில் அதன் பெயர் தெரிந்தது. ஆனால் பேசுவதற்கு ஒரு போர்ட்டும் இல்லை. இது 'வின்மோடம்' வகை. வெளி மோடத்தில் டிஜிட்டல் தகவலைச் சத்தமாக மாற்றும் வேலையை அதற்குள் இருக்கும் சிப்பே செய்யும். 1990-களின் இறுதியில் விலையைக் குறைக்க அந்தச் சிப்பை எடுத்துவிட்டு, வேலையை விண்டோஸ் டிரைவரின் தலையில் கட்டினார்கள். பாதி மோடம் கார்டில், மீதி விண்டோஸில்! லூசென்ட், ஸ்மார்ட் லிங்க் போன்ற சில சிப்களுக்கு லினக்ஸ் டிரைவர் வந்தது. அதையும் அந்தந்தக் கெர்னலுக்கு ஏற்றபடி தேடிப் போட வேண்டும். இலவச சிடியோடு தனியாக உட்கார்ந்திருந்த ஒருவர் அதை எங்கே போய்த் தேடுவார்? தேட நெட் வேண்டுமே!

அப்படியானால் கார்டு கெட்டே போயிருக்காது. ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 98 இன்னும் இருந்தது. கார்டோடு வந்த டிரைவர் சிடியை அப்பா உறை பிரியாமல் வைத்திருந்தார் (எதையும் தூக்கிப் போடும் பழக்கம் அவருக்கு இல்லை). நிறுவி, ஹைப்பர் டெர்மினலில் லேப்டாப்பின் இன்டர்காம் எண்ணைக் கொடுத்தேன். மறுபடி அதே சத்தம். திரையில் 'கனெக்ட்'.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பப்பி சிடியில் எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்றார்.