உங்களுக்குத் தெரியுமா? – சித்தூர் நாகையா

● பேருக்கு முன்னால் சித்தூர் இருந்தாலும், நடிகரும் பாடகருமான வி. நாகையா பிறந்தது குண்டூர்ப் பக்கம் ரேபல்லேயில், 1904-ல். சித்தூர் அவருக்கு மேடை தந்த ஊர். அங்கே ராமவிலாச சபாவின் நாடகங்களில் பாடி நடித்துப் பேர் வாங்கினார். ‘சாரங்கதரா’வில் போட்டது பெண் வேடம், சித்ராங்கி!

● சினிமாவுக்கு வந்தது 1938-ல், ‘கிருகலட்சுமி’யில். அப்போதெல்லாம் நடிகர்தான் பாட வேண்டும், அதுவும் கேமரா ஓடும்போதே. வாத்தியக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே ஒளிந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். இருமல் வந்தால் மொத்தமும் மறுபடி முதலிலிருந்து! நாடகத்தில் பழுத்த குரலுக்கு இது பெரிய சோதனையில்லை.

● இனி வருவதுதான் வேடிக்கை. தெலுங்கில் பின்னணிப் பாடல் அறிமுகமான படம் என்று ‘பாக்யலட்சுமி’யை (1943) சொல்வார்கள். பாடியவர் ஆர். பாலசரஸ்வதி தேவி, திரையில் வாயசைத்தவர் கமலா கோட்னிஸ். படத்தை எடுத்தது யார்? நாகையாவின் சொந்தக் கம்பெனியான ரேணுகா பிலிம்ஸ்! தன் பாட்டைத் தானே பாடிய மனிதர், இரவல் குரலுக்கும் கதவைத் திறந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து, அவர் இசையமைத்து நடித்த ‘ஸ்வர்க சீமா’வில் ஒரு புதுப் பாடகர் பின்னணி பாடினார். பேர் கண்டசாலா.

● தியாகராஜ சுவாமிகளின் கதையான ‘தியாகய்யா’ (1946): நடிப்பு, பாட்டு, இசை, இயக்கம், தயாரிப்பு எல்லாம் நாகையா. தெலுங்குக் கவிஞர்களான போதனா, வேமனா, ராமதாசு வேடங்களும் அவருக்கே வாய்த்தன. என்னைக் கேட்டால், கச்சேரி மேடையையும் சினிமாவையும் இவ்வளவு இயல்பாக ஒட்டவைத்தவர்கள் குறைவு.

● தமிழிலும் ராஜாதான். ‘அசோக்குமார்’ (1941) படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அப்பாவாக அசோகச் சக்கரவர்த்தி, ‘மீரா’வில் (1945) எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கணவராக ராணா. 1953-ல் ‘என் வீடு’ படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் அவரே இயக்கினார்.

● அறுபது வயதில் ‘ராமதாசு’ (1964) படத்தைத் தானே இயக்கி நடித்தார். கபீராக வந்த நடிகர் கும்மடிக்குப் பாட பம்பாயிலிருந்து முகமது ரஃபியைப் பிடித்தார்!

● பத்மஸ்ரீ 1965-ல், சிவாஜி கணேசனுக்கு ஒரு வருடம் முன்னால். ஆனால் கையிருப்பு கரைந்துபோய், கடைசிவரை சின்னச் சின்ன வேடங்களில் நடித்தார். 1973 டிசம்பரில் காலமானார். சென்னை பனகல் பூங்காவில் சிலை இருக்கிறது.

● ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் சிவாஜியை எடுத்து வளர்க்கும் இஸ்மாயில் பாய், இவரேதான். தன் பாட்டைத் தானே பாடிய மனிதருக்கு, அந்தப் படத்தில் ஒரு பாட்டுகூடச் சொந்தக் குரலில் இல்லை. அதில் ஊரே கூடிக் கொண்டாடும் ரம்ஜான் பாட்டைப் பாடியவர்கள் டி.எம்.எஸ்.ஸும் நாகூர் ஹனிபாவும்.