காலைப் பிடித்தால் என்ன செய்வது?

பொங்கல் வந்தால் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களில் கபடி களைகட்டும். பாடிச் செல்லும் வீரரை மடக்க எதிரணி வைத்திருக்கும் பெரிய ஆயுதம் எது தெரியுமா, குட்டீஸ்? கணுக்கால் பிடி! மூலையில் நிற்பவர் சட்டென்று குனிந்து, இரு கைகளாலும் கணுக்காலைக் கவ்விவிடுவார்.

உடனே நிமிர்ந்து நின்று காலை உதறாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்பவரைச் சாய்ப்பது சுலபம். உடலைத் தாழ்த்துங்கள். பிடிபடாத காலை ஊன்றி, நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டிப் பாயுங்கள். பாட்டு நிற்பதற்குள் கோட்டைத் தாண்டி விரல் நுனி உங்கள் பக்கத் தரையைத் தொட்டாலே போதும். பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவுட்!

ஆனால், ஓர் எச்சரிக்கை. முழங்கால், கதவின் கீல் மாதிரி. முன்னும் பின்னும் மடங்கும்; திருகினால் உள்ளே தசைநார் கிழிந்துவிடும். எனவே, பாதம் பிடிபட்டிருக்கும்போது உடம்பை முறுக்கித் திரும்பக்கூடாது. எதிராளியைக் கால்களால் கத்தரி போட்டுப் பிடிப்பதும் கபடியில் விதிமீறல்தான்.

2016 ரியோ ஒலிம்பிக் மல்யுத்தத்தில் முழங்காலில் பலத்த அடிபட்டு, ஸ்டிரெச்சரில் வெளியேறினார் வினேஷ் போகத். சிகிச்சை பெற்று மீண்டு வந்து, 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார்!

பயிற்சியில் வலித்தால் வெட்கப்படாமல் "விடு" என்று சொல்லுங்கள். நண்பன் சொன்னால், அந்த நொடியே பிடியை விட்டுவிடுங்கள். சரிதானே?