தாத்தா பாட்டி இல்லாத ஊர்

கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு, ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து சின்னதாக ஓர் ஆங்கில நாவல் கொண்டுவந்தாள். இரண்டே நாளில் முடித்துவிட்டு, "அப்பா, இந்த ஊரிலே யாருக்கும் தாத்தா பாட்டியே கிடையாது" என்றாள். அதற்காகவே நானும் படித்தேன்.

நாவலின் பெயர் 'தி கிவர்'. 'கொடுப்பவர்' எனலாம். எழுதியவர் அமெரிக்கரான லோயிஸ் லௌரி. 1993-ல் வெளியாகி, மறு ஆண்டே சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது.

எதிர்காலத்தில் ஓர் ஊர். பசி இல்லை, போர் இல்லை, சண்டை சச்சரவு இல்லை. யாருக்கு யார் துணை என்பதைக் குழுவினர் முடிவு செய்கிறார்கள். விண்ணப்பித்தால் வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் குழந்தை கிடைக்கும். ஒன்பது வயதில் எல்லோருக்கும் சைக்கிள். பன்னிரண்டில் சபை கூட்டி இன்னாருக்கு இன்ன வேலை என்று அறிவிப்பார்கள். (பிளஸ் டூ கவலையே இல்லை, பாருங்கள்!) மலை கிடையாது, பனி கிடையாது, நிறங்கள்கூட யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இத்தனை நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. பழைய நினைவுகள் அனைத்தையும் ஒரே ஒரு கிழவர் சுமக்கிறார். அவருக்கு அடுத்து சுமக்கத் தேர்வாகிறவன்தான் ஜோனாஸ் என்ற சிறுவன். கிழவர் அவன் முதுகில் கைவைத்து ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார். முதலில் பனிச்சறுக்கு, பிறகு வெயில், அப்புறம் வலி, போர்க்களம்.

ஒரு நாள் கதகதப்பான ஓர் அறையின் நினைவு வருகிறது. பண்டிகை நாள், குழந்தைகளோடு வயதானவர்களும் அங்கே இருக்கிறார்கள். இவர்கள் யார் என்று அவனுக்குப் புரியவில்லை. அந்த ஊரில் பிள்ளைகள் வளர்ந்ததும் பெற்றோர் வேறிடம் போய்விடுவார்கள். பிறகு முதியோர் இல்லம். பெற்றோருக்கும் பெற்றோர் உண்டு என்பதையே கிழவர் சொல்லித்தான் அவன் அறிகிறான். வீட்டுக்குப் போய், என்னிடம் உங்களுக்கு அன்பு உண்டா என்று கேட்கிறான். பெற்றோர் சிரிக்கிறார்கள். வழக்கொழிந்த சொல்லைப் பேசாதே என்று திருத்துகிறார்கள். புத்தகத்தில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே முதியவர்களையும் நலிந்த குழந்தைகளையும் 'விடுவிப்பார்கள்'. அதன் பொருளை ஜோனாஸ் தன் தந்தையின் கையாலேயே நடக்கக் காண்கிறான். பிள்ளைகளுக்குத் தரக்கூடாது என்று அமெரிக்காவில் பல இடங்களில் இந்த நூலுக்கு எதிர்ப்பு எழுந்தது. என் கருத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை படிக்கலாம். ஆனால் நீங்களும் படித்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்குப் பிறகு என் மகள் வெகுநேரம் பேசவே இல்லை.

லௌரியின் தந்தை ராணுவத்தில் இருந்தவர். பதினொரு வயதில் லௌரி டோக்கியோவில், மதில் சூழ்ந்த அமெரிக்கக் குடியிருப்பில் வாழ்ந்தார். அடிக்கடி சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கதவைத் தாண்டி ஜப்பானியத் தெருக்களுக்குப் போய்விடுவாராம். (நம்மவர் காலனியை விட்டு வெளியே எட்டிப் பார்க்காத நம்மில் சிலர் கவனிக்கலாம்.) பின்னாளில் அதே தந்தைக்கு முதுமையில் நினைவு மங்கியது. இளவயதில் இறந்துபோன மூத்த மகளின் படத்தைப் பார்த்து, அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாராம். இறந்துவிட்டாள் என்று லௌரி சொல்ல வேண்டியிருந்தது. துயரத்தை மறப்பது நல்லதுதானோ என்ற யோசனையில் பிறந்ததாம் இக்கதை.

முடிவில், விடுவிக்கப்படவிருந்த கேப்ரியேல் என்ற கைக்குழந்தையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஜோனாஸ் தப்பி ஓடுகிறான். பிழைத்தார்களா என்பது இந்தப் புத்தகத்தில் தெளிவாக இல்லை. 2012-ல் வெளியான 'சன்' வரை மூன்று தொடர் நூல்கள் உள்ளன. 2014-ல் திரைப்படமும் வந்தது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது மகள் தன் பாட்டிக்குக் கதை முழுவதையும் சொன்னாள். அவளுடைய தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி. நடுநடுவே நான் சொல் எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்ட அம்மா, "அது சரி, வழியிலே அந்தக் கைக்குழந்தைக்குப் பால் யாரு குடுத்தது?" என்றார்.