வைத்தியசாலை இங்கிலீஷ்

தமிழில் படித்துத் தாதிப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது நம்மவர் பாடும் பல்லவி. அவர்கள் அகராதியைக் கரைத்துக் குடித்தவர்கள், சங்கடமே அங்கேதான். 'டெண்டர்' என்றால் மிருதுவானது என்கிறது அகராதி. வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டர் எழுதினாலோ, தொட்டால் வலிக்கிறது என்று பொருள். 'அன்ரிமார்க்கபிள்' என்றால் குறையொன்றும் தென்படவில்லை. நோயாளி 'கம்ப்ளெயின்' செய்வது புகார் அன்று. தம் உபாதையைச் சொல்லுகிறார், அவ்வளவே. பொருள் பிசகினால் மார்க்கு மட்டுமா போகும்?

இச்சொற்களை நாம் முதலில் தமிழில் விளக்கிய பிறகே இங்கிலீஷில் பழக்குகிறோம். முகம் சுளிப்போர் சுளிக்கட்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848-ல் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய அமெரிக்க மிஷன் டாக்டர் கிரீன், முதலில் இங்கிலீஷில் போதித்து, பின்னர் தமிழுக்கே மாறினார். 'இரண வைத்தியம்' முதலிய நூல்களையும் தமிழில் வெளியிட்டார்.

அயல்நாடு செல்ல விரும்பும் தாதியர் எழுதும் ஓ.இ.டி. பரீட்சையின் பேச்சுப் பகுதியில், ஒருவர் நோயாளியாக நடிப்பார். அவரிடம் 'ஹைப்பர்டென்ஷன்' என்று முழங்கிப் பயனில்லை. 'ஹை பிளட் பிரஷர்' என்று எளிமையாய் விளக்க வேண்டும். நம் மாணவியருக்கு இது சுலபமாகவே வருகிறது. பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லிப் பழகியவர்களாயிற்றே!