ஹார்ட் டிஸ்க் பழுதா? மலையிறங்கும் முன் கவனியுங்கள்!

கம்ப்யூட்டர் பழுதானால், "வாரண்டி இருக்கிறதே, மாற்றித் தந்துவிடுவார்கள்" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆயிற்றே, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு வேறு!

ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூர் எங்கள் ஊர். அங்கே என் அக்கா, மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குகளை கம்ப்யூட்டரில் எழுதி வருகிறார். நான் விடுமுறைக்குப் போயிருந்தபோது ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம். விண்டோஸ் திறக்கவே பத்து நிமிடம் ஆனது. வாங்கி இரண்டு வருடம்தான். டிஸ்க்கிற்கு மூன்று வருட வாரண்டி. கழற்றி எடுத்துக்கொண்டு போளூர் வழியாக வேலூருக்கு பஸ் ஏறினேன்.

சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வி, "பில் எங்கே?" பில் வீட்டில். ஒரு நாள் வீண். மறுநாள் பில்லுடன் போனேன். படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது: பழைய டிஸ்க் திரும்பக் கிடைக்காது, அதிலுள்ள தகவல்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. பன்னிரண்டு பெண்களின் சேமிப்பும் கடன் பாக்கியும் அதில்தான் இருந்தன. வேறு காப்பி கிடையாது. கையெழுத்துப் போடாமல் திரும்பினேன்.

யூஎஸ்பி அடாப்டர் வாங்கி, டிஸ்க்கை என் லேப்டாப்பில் இணைத்து, கணக்கு ஃபைல்களை மட்டும் முதலில் காப்பி செய்தேன். கடைசி நான்கு மாதக் கணக்கு வரவே இல்லை. பாஸ் புத்தகங்களைப் பார்த்து அக்கா மறுபடியும் டைப் செய்தார். மூன்றாவது பயணத்தில்தான் டிஸ்க்கைக் கொடுத்தேன்.

வாரண்டி என்பது பொருளுக்குத்தான், அதிலுள்ள தகவலுக்கு அல்ல. எனவே கிளம்பும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. முக்கியமான ஃபைல்களை முதலில் காப்பி செய்யுங்கள். சத்தம் போடும் டிஸ்க்கில் முழு ஸ்கேன் ஓட்ட வேண்டாம், உள்ளதும் போய்விடலாம்.

2. டிஸ்க்கின் மேல் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்து, வாரண்டி முடியும் தேதியைப் பாருங்கள். பிராண்டட் கம்ப்யூட்டருடன் வந்த டிஸ்க் என்றால் பொதுவாக அந்தக் கம்ப்யூட்டர் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அதை நீங்களே கழற்றாதீர்கள்.

3. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க்கின் நிலையைக் காட்டும். 'கரண்ட் பெண்டிங் செக்டார்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஆபத்து. அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

4. போன் செய்து புகார் எண் வாங்குங்கள். கூரியரில் அனுப்பலாமா என்றும் கேளுங்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகலாம்.

5. பில்லை செல்போனில் படமெடுத்து வையுங்கள். பொருளைக் கொடுத்ததும் சீரியல் எண் எழுதிய ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

வாரண்டி இருந்தும் மறுத்தால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

எங்களுக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. மாற்று டிஸ்க் வந்து சேர்ந்தது. இப்போது அக்கா ஞாயிறுதோறும் கணக்கை பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுகிறார். நீங்கள் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?