வரைபடத்தில் காணாமல் போன கழிமுகம்

2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநில அரசுத் தரப்பு கொடுத்த கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழிமுகத்தைக் காணவில்லை. வடசென்னையின் கத்திவாக்கத்துக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் அந்த நீர்ப்பரப்பில் மீனவர்கள் அப்போதும் இறால் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த வரைபடத்திலோ அதே கழிமுகம் சுமார் 6,500 ஏக்கர் அளவுக்குக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது.

எந்தத் தாளை நம்புவது? வரலாறு படித்தவர்கள் எந்த ஆவணத்தையும் சில கேள்விகள் கேட்காமல் விடமாட்டார்கள். யார் எழுதியது, யாருக்காக, எதை விட்டுவிட்டார்கள், இதற்கு முந்தைய தாள் என்ன சொல்கிறது? எண்ணூர் மீனவர்களும் அவர்களோடு நின்ற சூழலியல் ஆர்வலர்களும் அதைத்தான் செய்தார்கள். இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்தார்கள். அன்றிலிருந்து விவாதம் வேறு தளத்துக்குப் போனது. கழி ஆக்கிரமிக்கப்படுகிறது என்று அதுவரை அவர்கள் சொன்னது வெறும் புகார். அதன்பின் அது ஆதாரம்.

கத்திவாக்கம் ஆவணங்களுக்குப் புதிய ஊர் அல்ல. 1708-இல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தாங்காடு ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய உப்புநீர்க் கால்வாய் 1806-இல் திறக்கப்பட்டது. 1870-களின் பெரும்பஞ்சத்தில், பசித்த மக்களின் உழைப்பால் நீட்டிக்கப்பட்டுப் பிற்பாடு பக்கிங்காம் கால்வாய் ஆனது. இங்கே நீர் இருந்தது என்பதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை.

பிறகு எப்படி ஏட்டில் நீர் இல்லாமல் போனது? நிலவரி வசூலுக்காக எழுதப்பட்ட வருவாய்ப் பதிவேடுகளில் வரி தராத கழியும் சதுப்பும் புறம்போக்கு ஆயின. மீனும் உப்பும் தந்த இடம், அரசின் கணக்கில் சும்மா கிடக்கும் இடம். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் இடம் தேடியவர்களுக்கு அந்தக் கணக்கு வசதியாக இருந்தது. 1970-களில் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர் துறைமுகம். அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழம்புக் குழாய்கள் கசிந்து, சாம்பல் கழியின் அடியில் படிந்தது. அந்த மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தீர்ப்பளித்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலமும் அதே கழிக்குள் வந்து சேர்ந்தது.

வரலாற்றைத் தவறாகப் பயன்படுத்துவதும் உண்டு. 1976-இல் அமெரிக்க அரசு 1918-ஆம் ஆண்டுக் காய்ச்சல் கொள்ளைநோயை நினைத்துப் பதறி, கோடிக்கணக்கானோருக்குப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டது. எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவே இல்லை. சிலருக்கு ஏற்பட்ட நரம்புப் பாதிப்பால் திட்டம் நிறுத்தப்பட்டது. பழையது அப்படியே திரும்பும் என்று எண்ணியது அந்தத் தவறு. எண்ணூரில் நடப்பது வேறு வகைத் தவறு. "ஏற்கெனவே தொழிற்பேட்டை ஆகிவிட்ட பகுதிதானே" என்று சொல்லியே அடுத்த ஆலைக்கும் வழி திறக்கிறார்கள். நடந்ததை விதியாக்குவது வரலாறு ஆகாது. ஒவ்வொரு ஆலையும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு; வேறு முடிவும் எடுத்திருக்கலாம்.

2019-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்காற்று அறிவிக்கைப்படி தயாரான வரைவு வரைபடங்கள்மீது 2023-இல் கருத்துக்கேட்பு நடந்தபோது, மீன்பிடி கிராமங்களும் வலை உலர்த்தும் இடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போகிறவர் கையில் 1996 வரைபடம் இருக்கவேண்டும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலப்படம், நில விவரம் தரும் கிராம 'அ' பதிவேடு, நில எல்லைகளைக் காட்டும் புலப்படம் ஆகியவையும் வேண்டும். இவற்றோடு, கழியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று மீனவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட பாடு முறையையும் எழுத்தில் பதிந்து ஒப்படைக்கவேண்டும். அரசு ஏட்டில் இல்லாத நீர்நிலை வரலாறு அதில்தான் இருக்கிறது.